குதிரை பின்னால், வண்டி முன்னால்

உப்புவெளியிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். கடிதத்தின் முற்பாதி கோபம், பிற்பாதி கவலை. மகன் உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவில் படிக்கிறான். படிக்கும் மேசைக்கு மேலே, சரசுவதி படம் இருந்த இடத்தில், இப்போது ஒரு சிவப்புக் காரின் படம் ஒட்டப்பட்டிருக்கிறது. சரசுவதி பக்கத்துச் சுவருக்குக் குடிபெயர்ந்துவிட்டாள். “இந்தக் காருக்கு எஞ்சின் நடுவில் இருக்கிறது அம்மா, நடுவில்!” என்று சோறு போடும்போதெல்லாம் பிரசங்கம் நடக்கிறதாம். சென்ற தவணைப் பரீட்சையில் இணைந்த கணிதத்தில் பையன் வாங்கிய புள்ளிகளை அவர் எழுதியிருக்கிறார். நான் இங்கே எழுதப்போவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மாலை வேளைகளில் மாமனாரின் மோட்டார்ச் சைக்கிளை எடுத்துக்கொண்டு நிலாவெளி வீதியில் காற்றாய்ப் பறக்கிறான் என்று அயலவர் வந்து சொல்கிறார்கள். தகப்பனார் கடற்றொழிலாளர், விடியுமுன் வள்ளத்தோடு போய்விடுபவர்.

தாயார் கேட்பவை இரண்டு. அந்தக் காரில் அப்படி என்னதான் இருக்கிறது? அந்தப் படத்தைக் கிழித்துவிடலாமா?

இரண்டாவது வினாவுக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: கிழிக்கவேண்டாம். காரணத்தைச் சொல்வதற்கு முதல் வினாவைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டியிருக்கிறது. படத்தின் பின்புறத்தில் மகன் எழுதிவைத்திருந்த பெயரையும் அம்மையார் பிரதிசெய்து அனுப்பியிருக்கிறார். ஃபெராரி 296 ஜிடிபி. இத்தாலி தேசத்தில் 2021ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட வண்டி அது. அப்பெயரிலேயே ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது: எஞ்சினின் கொள்ளளவு 2.9 லீற்றர் சொச்சம், உருளைகள் ஆறு.

எஞ்சின் நடுவில் இருப்பது அப்படியொன்றும் நாம் காணாத புதுமையன்று. திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு வானில் பிரயாணம் செய்து, முன்னாசனத்தில் இடம் கிடைத்ததே என்று மகிழ்ந்து, ஹபறணை வருமுன்னரே கீழிருந்து ஏறும் வெக்கையில் நெளியத் தொடங்கிய அனுபவம் நம்மில் அநேகருக்கு உண்டு. ஹையேஸ் முதலிய வான்களில் எஞ்சின் முன்னாசனத்தின் அடியிலேதான் கிடக்கிறது. டொயோட்டா நிறுவனத்தார் 1990இல் வெளியிட்ட எஸ்டிமா என்ற குடும்ப வண்டியிலோ, எஞ்சினை 75 பாகை சாய்த்து, ஏறக்குறையப் படுக்கவைத்து, ஆசனங்களுக்குக் கீழே முன்னச்சுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்கள். ஆகவே அம்மணி, தங்கள் மகன் வியக்கும் விஷயத்தின் மேல் தாங்களே பலமுறை அமர்ந்து பிரயாணம் செய்திருப்பீர்கள். வானில் அது இடத்தை மிச்சப்படுத்தச் செய்த உபாயம். ஃபெராரியில் அதற்கு வேறு நோக்கம் உண்டு.

அந்த நோக்கத்தைத் தங்கள் கணவரைவிட நன்றாக விளக்கக்கூடியவர் எவருமில்லை. வள்ளத்தில் பாரம் ஏற்றும்போது நங்கூரம், வலை, பனிக்கட்டிப் பெட்டி ஆகியவற்றை அணியத்தில் ஒரு பாதியும் பின்பக்கத்தில் ஒரு பாதியுமாக வைத்தால் என்ன ஆகும் என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். வள்ளம் நிறையில் சமநிலையாகத்தான் இருக்கும். ஆனால் திருப்பினால் சொற்கேளாது. திரும்பத் தொடங்கியதோ, நிறுத்த நினைத்தாலும் நிற்காது. அதே பாரத்தை நடுவே குவித்துவிட்டால், சுக்கானைத் தொட்டமாத்திரத்தில் வள்ளம் திரும்பும், விட்டமாத்திரத்தில் நேராகும்.

வீட்டிலேயே செய்து பார்க்கவும் ஒரு வழியுண்டு. தும்புத்தடியின் நீண்ட கம்பொன்றை எடுத்து, தண்ணீர் நிரப்பிய இரண்டு போத்தல்களை அதன் இரு முனைகளிலும் கட்டுங்கள். கம்பின் நடுவைப் பிடித்து, மணிக்கட்டை இப்பக்கமும் அப்பக்கமும் விரைவாகத் திருப்புங்கள். கை நோகும். இனிப் போத்தல்களை நடுவை நோக்கி நகர்த்திக் கட்டித் திருப்பிப் பாருங்கள். நிறை ஒன்றுதான், கைக்கோ அது விளையாட்டாகிவிடும். போத்தல் நடுவிலிருந்து இருந்த தூரம் நாலிலொன்றாகக் குறைந்தால், திரும்புவதற்கு அது காட்டும் தடை பதினாறிலொன்றாகக் குறைகிறது. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் இந்தத் தடைக்குத்தான் மகனின் பௌதிகப் புத்தகத்தில் ‘சடத்துவத் திருப்புதிறன்’ என்று பெயர். அந்தப் பாடம் நடந்த அன்று அவன் எதை வரைந்துகொண்டிருந்தான் என்பதை நான் ஊகிக்கிறேன்.

மோட்டார்க் காரில் மிகவும் பாரமான ஒற்றைப் பொருள் எஞ்சின். அதை மூக்கிலே வைப்பது சாதாரண வழக்கம். பின்னச்சுக்கும் அப்பால் வாலிலே தொங்கவிட்டவர்களும் உண்டு. இரண்டு அச்சுகளுக்கும் இடையில், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால், அதுவே நடு எஞ்சின் வண்டி. தங்கள் மகனுடைய ஃபெராரியில் நிறையின் ஏறக்குறைய 60 சதவீதம் பின் சில்லுகளின்மேல் விழுகிறது. அது ஏன் நன்மை என்பதை அறிய, பஸ் வண்டி சடுதியாகப் புறப்படும்போது நாம் பின்னால் சாய்வதை நினைத்துக்கொண்டால் போதும். வண்டி பாயும்போது பாரம் பின்னோக்கி நகர்கிறது. தள்ளுகின்ற சில்லுகளும் அங்கேயே இருப்பதால், தரையை இறுகப் பிடிக்கின்றன. தடுப்பை மிதிக்கும்போதோ பாரம் முன்னோக்கி ஓடுகிறது. மூக்கில் எஞ்சின் உள்ள வண்டியில் அப்போது முன்சில்லுகளே சுமையெல்லாம் சுமந்து, பின்சில்லுகள் சும்மா உருளும். நடு எஞ்சின் வண்டியிலோ நான்கு சில்லுகளும் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன.

இதையெல்லாம் கண்டுபிடித்தவர்கள் பெரிய கணித மேதைகள் என்று எண்ணிவிட வேண்டாம். 1930களில் ஜெர்மனியின் ஓட்டோ யூனியன் பந்தய வண்டிகளில் பதினாறு உருளை எஞ்சினை நடுவே வைத்தார்கள் என்பது உண்மையே. ஆனால் இன்றைய வழக்கத்துக்கு வித்திட்டவர்கள் இங்கிலாந்தில் சிறு பட்டறை நடத்திய கூப்பர் என்ற தகப்பனும் மகனுமே. இரண்டாம் உலகயுத்தம் முடிந்த கையோடு, மலிவாகக் கிடைத்த மோட்டார்ச் சைக்கிள் எஞ்சின்களைக் கொண்டு குட்டிப் பந்தய வண்டிகள் செய்தார்கள். அந்த எஞ்சின்கள் சங்கிலியால் சில்லைச் சுழற்றுபவை. சங்கிலி நீளமாக இருத்தல் ஆகாது. ஆகவே எஞ்சினைப் பின்சில்லுகளுக்கு அருகில் வைத்தார்கள். அவ்வளவுதான். வசதிக்காகச் செய்தது வெற்றியாக முடிந்தது. 1958இல் ஆர்ஜென்டீனாவில் நடந்த உலகப் பந்தயத்தில் ஸ்டேர்லிங் மொஸ் ஒரு கூப்பர் வண்டியில் வென்றபோது பெரிய நிறுவனத்தார் அதைத் தற்செயல் என்றார்கள். 1959இலும் 1960இலும் ஜாக் பிறபம் அதே வகை வண்டியில் உலக வாகை சூடியபின் அப்படிச் சொல்ல எவரும் இல்லை. வண்டியைக் குதிரை இழுக்கவேண்டுமே ஒழியத் தள்ளலாகாது என்று என்ஸோ ஃபெராரி பிடிவாதமாக நின்றதாக ஒரு கதை வழங்குகிறது. ஆயினும் 1961இல் அவருடைய வண்டியே எஞ்சினைப் பின்னால் வைத்துக்கொண்டு வாகை சூடிற்று.

வீதியில் ஓடும் பெருங்கார்களில் இந்த வழக்கத்தைப் பிரசித்தப்படுத்தியது லம்போர்கினி நிறுவனம். அதன் அதிபர் முதலில் உழவு இயந்திரம் செய்து பொருளீட்டியவர். கந்தளாய் வயல்காரர்கள் இதைக் கேட்டு மகிழ்வார்கள். 1966இல் ஜெனீவாக் கண்காட்சியில் அவர்கள் வைத்த ‘மியூரா’ என்ற காரில், பன்னிரண்டு உருளைகள் கொண்ட எஞ்சினை நெடுக்காக வைக்க இடம் போதாமற்போகவே, ஓட்டுநருக்குப் பின்னால் குறுக்காக வைத்தார்கள். எஞ்சினைக் குறுக்கே வைக்கலாம் என்ற யோசனை வந்தது எதிலிருந்து தெரியுமா? நம் நாட்டிலும் ஓடிய ‘மினி’ என்னும் சின்னஞ்சிறு காரிலிருந்து! மியூரா அழகில் ஒப்பற்றது. ஆனால் அதிவேகத்தில் அதன் மூக்கு மேலே எழும்ப முயன்றது. பெற்றோல் தாங்கி முன்பக்கத்தில் இருந்தபடியால், அது காலியாகக் காலியாக மூக்கு இன்னும் இலேசாயிற்று. முதற்படி எப்போதும் அப்படித்தான்.

இனி வெப்பம். வானின் ஆசனத்துக்குக் கீழே இருந்த எஞ்சின் நம்மை வாட்டியது போல, முதுகுக்குப் பின்னால் இருக்கும் எஞ்சினும் வாட்டத்தானே செய்யும்? காற்று நேரே வந்து மோதும் இடமன்று அது. ஆகவே விலாப்புறங்களில் வாய் திறந்து காற்றைக் குடிக்கச் செய்கிறார்கள். 1992இல் அறிமுகமான மக்லாரன் எப்1 காரில் எஞ்சின் அறையின் உட்புறத்துக்குத் தங்கத் தகடு போர்த்தினார்கள். வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்புவதில் தங்கத்துக்கு நிகர் அருமை. பொன்னைக் கழுத்திலும் காதிலும் மட்டுமே கண்ட நமக்கு இது வேடிக்கையாக இருக்கும். அந்தக் கார் மொத்தம் 106 மட்டுமே செய்யப்பட்டது. 1998இல் மணிக்கு 386 கிலோமீற்றர் வேகத்தை எட்டியது. அதை வடிவமைத்த கோர்டன் மறே தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் பிறந்தவர். தமிழர் பல தலைமுறையாக வாழும் அதே டர்பன்.

மகனின் சிவப்புக் காருக்குத் திரும்புவோம். அதன் ஆறு உருளைகளும் மும்மூன்றாகப் பிரிந்து 120 பாகை விரிந்து கிடக்கின்றன. ஆகையால் எஞ்சின் தரையோடு தரையாகத் தாழ்ந்திருக்கிறது. பாரம் தாழ்ந்திருந்தால் வண்டி திருப்பத்தில் சாயாது. புகைபோக்கியில் வீணாகப் போகும் வேகத்தால் சுழன்று, உருளைக்குள் காற்றைத் திணிக்கும் இரண்டு சுழலிகள் அந்த விரிவின் இடையே அமர்ந்திருக்கின்றன. எஞ்சின் தருவது 663 பரிவலு. எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் நடுவில் ஒரு மின்மோட்டார். அதன் பங்கு 167. ஆக 830. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றரை அது 2.9 செக்கனில் எட்டுகிறது. இந்த எண்ணை வெறுமனே வாசித்தால் பொருள் விளங்காது. கணக்குச் செய்து பாருங்கள்: ஆர்முடுகல் ஒரு செக்கனுக்கு, செக்கனுக்கு 9.6 மீற்றர். கோணேசர் மலையில் இராவணன் வெட்டின் விளிம்பிலிருந்து கடலை நோக்கி ஒரு கல்லை நழுவவிட்டால் அது விழும் ஆர்முடுகல் 9.8. கல் கீழே விழுகிற வேகத்தில் இந்தக் கார் தரையில் முன்னோக்கி ‘விழுகிறது’ என்க.

இன்னொரு கணக்கு. கிண்ணியாப் பாலத்தை எல்லாரும் அறிவீர்கள். 2009இல் திறக்கப்பட்டது, அதுவரை தோணிப்பாதையில் காத்துநின்ற சனங்கள் இன்று நடந்தே போகிறார்கள். நீளம் 396 மீற்றர். பாலத்தின் ஒரு முனையில் இந்தக் காரை நிறுத்தி, பாலத்தில் ஒரு குருவியும் இல்லை என்று கற்பனை செய்துகொள்வோம். 7.3 செக்கனில் கார் 200 கிலோமீற்றர் வேகத்தை எட்டும். அதற்குள் ஓடிய தூரம், என் கணக்கின்படி, ஏறத்தாழ 230 மீற்றர். அந்தக் கணத்தில் தடுப்பை மிதித்தால் 107 மீற்றரில் முற்றாக நிற்கும் என்று செய்தவர்கள் சொல்கிறார்கள். கூட்டிப் பாருங்கள்: 337. பாலத்தில் இன்னும் அறுபது மீற்றர் மிச்சம்! 

அம்மணி, தங்கள் மகன் இந்தக் காரில் மயங்கியது எஞ்சினுக்காக. நான் மயங்குவது அந்த 107 மீற்றருக்காக. ஓடுவதற்கு ஏழு செக்கன் எடுத்த வண்டி, நிற்பதற்கு நான்கு செக்கனும் எடுக்கவில்லை. அகன்ற மெதுவான தயர்கள், செங்கனலாய்ச் சூடேறினாலும் சோராத வெண்களிமண் இனத்துத் தடுப்புத் தட்டுகள், நான்கு சில்லுகளுக்கும் பகிர்ந்த பாரம், ஒவ்வொரு சில்லும் வழுக்குகிறதா என்று ஒரு செக்கனில் பலமுறை சோதிக்கும் மின்மூளை ஆகிய இத்தனையும் சேர்ந்து செய்யும் காரியம் அது.

மாமனாரின் மோட்டார்ச் சைக்கிளில் இவற்றில் எது இருக்கிறது? நிலாவெளி வீதியில் மணல் படர்ந்த இடங்கள் உண்டு. மாலையில் மாடுகள் குறுக்கே படுத்திருக்கும். பிரத்தியேக வகுப்பு முடிந்து பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள். பையன் 100 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். மாட்டைக் கண்ட கண் கைக்குச் செய்தி சொல்ல ஒரு செக்கன் ஆகிறது. அந்த ஒரு செக்கனில் அவன் கடந்துவிடுவது 28 மீற்றர். இன்னும் தடுப்பைத் தொடவேயில்லை. தொட்டபின், மணல் கலந்த வீதியில், நல்லதாகவே பிடித்தாலும் மேலும் ஒரு 65 மீற்றர். மொத்தம் 93. அதே பையன் 50இல் வந்திருந்தால், 14உம் 16உமாக 30 மீற்றரில் நின்றிருப்பான். வேகம் பாதியானால் தடுப்புத் தூரம் பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. தும்புத்தடியில் கண்ட அதே வர்க்கம்தான் இங்கேயும் வந்து நிற்கிறது. அவனிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா என்று தாங்கள் எழுதவில்லை. கேட்க எனக்கும் அச்சமாக இருக்கிறது.

“இதெல்லாம் வெள்ளைக்காரன் செய்வது, நமக்கென்ன” என்று கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கோயம்புத்தூரிலே கரிவரதன் என்றொருவர் இருந்தார். 1954இல் ஓர் ஆலைக் குடும்பத்தில் பிறந்தவர். விரும்பியிருந்தால் வெளிநாட்டிலிருந்து பந்தயக் கார் வாங்கி ஓட்டிக்கொண்டே காலத்தைக் கழித்திருக்கலாம். அவர் செய்தது வேறு. இந்தியாவின் தெருவெங்கும் ஓடிய மாருதி 800 காரின் 796 கன சென்ரிமீற்றர், மூன்று உருளை எஞ்சினை எடுத்து, ஒற்றை ஆசனப் பந்தய வண்டியொன்றில் ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்தினார். ‘போர்முலா மாருதி’ என்று அதற்குப் பெயர். சந்தைக்குப் போகிற காரின் எஞ்சின், இடம் மாறி அமர்ந்ததும், பந்தயக் குதிரையாயிற்று. ஒரே மாதிரியான வண்டிகள் பல செய்யப்பட்டதால், பணக்காரன் வெல்வான் என்றில்லாமல் ஓட்டத் தெரிந்தவன் வெல்லும் நிலை வந்தது. அந்த வண்டியில், ஸ்ரீபெரும்புதூர் ஓடுபாதையில், பந்தய வாழ்வைத் தொடங்கியவர்களுள் ஒருவர் நாராயண் கார்த்திகேயன். அவரே 2005இல் ஜோர்தான் அணியில் சேர்ந்து, உலக வாகைப் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியராகி, அவ்வாண்டே அமெரிக்காவில் நான்காவதாக வந்து புள்ளிகளும் பெற்றார். (அன்று மற்ற அணிகள் தயர்க் கோளாறினால் விலகி, ஆறு வண்டிகளே ஓடின என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவைக்கிறேன்.) அதைக் காணக் கரிவரதன் இல்லை. 1995இல் சிறு விமான விபத்தொன்றில் நாற்பத்தொரு வயதிலேயே மாண்டுபோனார். கோயம்புத்தூரில் 2003இல் திறக்கப்பட்ட ஓடுபாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் நாட்டிலும் முயற்சி இல்லாமலில்லை. கொழும்பில் ‘வேகா’ என்னும் பெயரில், முற்றிலும் மின்சாரத்தால் ஓடும் பெருங்காரொன்றை 2013 முதல் உள்ளூர்ப் பொறியியலாளர் வடித்துவந்தார்கள். 2020இல் ஜெனீவாக் கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோக ஆயத்தமானபோது, கொள்ளைநோய் வந்து கண்காட்சியே நின்றுபோயிற்று. கண்காட்சி போனால் என்ன, அதைச் செய்த கைகள் இங்கேதான் இருக்கின்றன.

ஆகவே படம் சுவரிலேயே இருக்கட்டும். சரசுவதியை மாத்திரம் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுங்கள், அவர்களுக்குள் பகையில்லை. மோட்டார்ச் சைக்கிளின் சாவியை மாமனாரிடம் சொல்லி வாங்கித் தங்கள் முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள். விடுமுறை நாளொன்றில் விடியற்காலம் அவனைத் தகப்பனாரோடு அனுப்பி, வள்ளத்தின் பாரத்தை அவனையே ஏற்றச் சொல்லுங்கள். ஒருமுறை தவறாக ஏற்றட்டும். உள்துறைமுகத்தின் அமைதியான நீரில் திருப்பிப் பார்க்கட்டும். பிறகு சரியாக ஏற்றட்டும்.

சாவியை எப்போது திருப்பிக் கொடுப்பது என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு கணக்குத் தருகிறேன், மகனிடம் காட்டுங்கள். மோட்டார்ச் சைக்கிள் மணிக்கு 80 கிலோமீற்றரில் போகிறது. கண்டு கைபிடிக்க ஒரு செக்கன். அமர்முடுகல் செக்கனுக்கு, செக்கனுக்கு 5.9 மீற்றர். நிற்கும் தூரம் எவ்வளவு? விடையைத் தாளில் எழுதினால் போதாது. தங்கள் வீட்டுப் படலையில் தொடங்கி, அத்தனை மீற்றரையும் வீதியோரமாகக் காலால் அளந்து, முடிகிற இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு வரவேண்டும். அந்தக் கல் யாருடைய வாசலில் விழுந்தது என்பதை எனக்கும் எழுதுங்கள்.